ஸகாத்தால் தீராத கடன்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களில், உழைத்துக்கொண்டிருந்த ஒருவர் நாற்பது வயதில் படுக்கையில் விழுந்தால் ஊர் பேசும் பேச்சு ஏறத்தாழ ஒன்றுதான். "பாவம், பொம்புளப் புள்ளைகள வெச்சிருக்கான், பள்ளில சொல்லி என்னவாவது பார்க்கணும்" என்பார் ஒருவர். "ஈபிஎஃப் கொஞ்சம் கிடக்குமே" என்று இன்னொருவர் நினைவூட்டினால், "அதெல்லாம் அம்பத்தஞ்சு முடிஞ்சாத்தான்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைப்பார். கடைசியில் "அல்லாஹ்ட நாட்டம்" என்றபடி எல்லோரும் எழும்புவார்கள்.

இந்தப் பேச்சில் இரக்கம் உண்டு. அதைக் குறைசொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் அதற்குள் ஒரு கருத்தும் உட்கார்ந்திருக்கிறது: ஓய்வுகால நிதி வயதானவர்களுக்குரியது, இடைநடுவில் உடல் முறிந்தவருக்கு அதில் எதுவும் இல்லை, அவரைப் பார்த்துக்கொள்வது ஊரின் தர்மம் என்ற கருத்து. படித்தவர்களும் கடை வைத்திருப்பவர்களும், சிலவேளை சம்பளப் பட்டியல் எழுதும் கணக்குப்பிள்ளைகளும்கூட இதையே சொல்கிறார்கள். இது சட்டப்படி பிழை, கணக்குப்படியும் பிழை. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும்போது இரட்டிப்புப் பிழை.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஈபிஎஃப் என்று ஊர் சொல்லும் ஊழியர் சேமலாப நிதிக்கான 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், ரி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வந்தது. ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும், ஆக 20 வீதம், மாதந்தோறும் மத்திய வங்கியிலுள்ள நிதிக்குப் போகவேண்டும். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் வயது ஒன்று: ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வது இன்னொன்று. ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைப்பது, பெண் திருமணத்தின் பேரில் வேலையை விடுவது என்று வேறும் உண்டு. இவற்றின் வரிசையில்தான், வேலைசெய்ய நிரந்தரமாகவும் முழுமையாகவும் இயலாமற்போனவர் வைத்தியச் சான்றுடன் விண்ணப்பித்துத் தன் முழுத் தொகையையும் பெறலாம் என்பதும் இருக்கிறது. அதற்கு வயதெல்லை கிடையாது. முப்பத்திரண்டு வயதில் பாரிசவாதம் வந்தாலும் சரி, மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு நொறுங்கினாலும் சரி. வேலைத்தலத்தில் நடந்த விபத்தாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

ஊருக்கு இதில் எது தெரியும், எது தெரியாது என்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கலியாணம் முடித்த பெண் எடுக்கலாம் என்பது தெரியும். பத்து வருடம் கட்டியவர் வீட்டுக்காக 30 வீதம் எடுக்கலாம் என்பது, அது 2015இல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, சந்துபொந்தெல்லாம் தெரியும். அதே 30 வீதத்தைப் பாரிய நோய்க்கான சிகிச்சைக்கும் எடுக்கலாம் என்பதோ பாதிப் பேருக்குத் தெரியாது. நல்ல காரியத்துக்கான வழிகளெல்லாம் வாய்வழியாகவே பரவிவிட, கெட்ட காலத்துக்கான வழி மட்டும் சட்டப் புத்தகத்துக்குள் கிடக்கிறது.

இனி ஈடிஎஃப். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இதில் ஊழியரிடமிருந்து ஒரு சதமும் வெட்டப்படுவதில்லை. முதலாளிதான் 3 வீதம் கட்டவேண்டும். வேலையை விட்டபின் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கக்கூடிய கைச்செலவுக் காசு என்றே இதை ஊர் எண்ணுகிறது. ஆனால் இரண்டு நிதிகளுக்குள்ளும் உண்மையான காப்புறுதி இருப்பது இதில்தான். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது மரணித்தால் குடும்பத்துக்கும், நிரந்தரமாக முற்றிலும் இயலாமற்போனால் அவருக்கும் மீதிப் பணத்துக்கு மேலதிகமாக ஒரு தொகை உண்டு. இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவி உண்டு. பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் அதற்கும் உண்டு. இவை எதற்கும் தனித் தவணை கிடையாது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் நட்டம் சிறியதன்று. மாதம் 40,000 ரூபா சம்பளம் வாங்கும் இளைஞர் ஒருவர் ஐந்து வருடம் வேலைசெய்து இயலாமற்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதியில் மாதம் 8,000 வீதம் 60 மாதத்துக்கு 480,000 ரூபாவும் வட்டியும் இருக்கும். அது அவருடைய சொந்தப் பணம், முன்கூட்டிக் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் மாதம் 1,200 வீதம் 72,000 ரூபாவும் வட்டியும். "எழுபத்திரண்டாயிரத்துக்கு யார் கொழும்புக்கு அலைவது" என்று அதை விட்டுவிடுகிறவர், அதனோடு ஒட்டியிருக்கும் காப்புறுதித் தொகையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். இளம் வயதில் விழுந்தவருக்குச் சேமிப்பு சேர்ந்திருக்காது. காப்புறுதி இருப்பதே அப்படிப்பட்டவருக்காகத்தான்.

"எங்கட பொடியனுகளுக்கு எங்க ஈபிஎஃப்?" என்பது அடுத்த வாதம். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை, கல்முனைக் கடைத்தெருவின் புடைவைக்கடை, சாய்ந்தமருதின் சாப்பாட்டுக்கடை, மரக்காலை, பேக்கரி, மருதமுனையின் கைத்தறி. இவையெல்லாம் சின்னத் தொழில்கள், சட்டம் பெரிய கம்பனிகளுக்குத்தான் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். தொழிலாளிகளையும் நம்பவைத்திருக்கிறார்கள். சட்டமோ ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் முதலாளி கட்டவேண்டும் என்கிறது. நாட்கூலி, துண்டுக்கூலி, தரகுக்கூலி என்று எந்தப் பெயரில் சம்பளம் கொடுத்தாலும் தப்ப முடியாது. சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் சம்பளத்தில் சேரும். குடும்பத்தார் மட்டும் வேலைசெய்யும் தொழிலுக்கு விலக்கு உண்டு. பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் மத, தரும நிறுவனங்களுக்கும் உண்டு. நம் பள்ளிவாசல்களில் ஆயுளெல்லாம் பாங்கு சொல்லும் முஅத்தின்மார் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் விழுந்துவிடுகிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாததைப் பள்ளி நிர்வாக சபை தானாகச் செய்யக்கூடாது என்று எவரும் தடுக்கவில்லை, அது தனிக்கதை.

ஆகவே பிரச்சினை சட்டத்தின் எல்லையில் இல்லை. கட்டாமல் விட்டதில் இருக்கிறது. சிலர் பதிவதேயில்லை. சிலர் உண்மைச் சம்பளத்தில் பாதியைக் காட்டிக் கட்டுகிறார்கள். இன்னும் சிலர் ஊழியரின் 8 வீதத்தை ஒழுங்காக வெட்டிக்கொண்டு நிதிக்கு அனுப்புவதில்லை. இந்த மூன்றாவது வகைக்கு மரியாதையான பெயர் எதுவும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்வரை இது எவர் கண்ணிலும் படாது. விழுந்த நாளில்தான், ஈபிஎஃப் பணம் கேட்கும் கே படிவத்தை நிரப்பப் போன மனைவியிடம், "இந்த இலக்கத்தில் மூன்று வருடமாகக் காசு வரவில்லை" என்ற பதில் வரும்.

அந்த இடத்தில்தான் ஸகாத் நுழைகிறது.

கரையோர முஸ்லிம் ஊர்களின் கூட்டு ஸகாத் ஏற்பாடு பெருமைக்குரியது. மஹல்லாவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியுமுன் பள்ளி நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை, 10,000க்கு மேல், இழந்த மாவட்டம் அம்பாறை. அன்று அரசு வருமுன் ஊரே ஊரைத் தூக்கியது. இதையெல்லாம் சொல்லித்தான் "எங்கட ஆக்கள நாங்க பாத்துக்குவோம்" என்கிறார்கள். ஆனால் அதே சுனாமி இன்னொன்றையும் காட்டியது. உதவி வந்த வேகத்திலேயே வற்றும். முதல் மாதம் வீடு நிறைந்த நிவாரணம், மூன்றாம் வருடம் எவரும் எட்டிப்பார்ப்பதில்லை. முப்பத்தைந்து வயதில் இடுப்புக்குக் கீழ் அசைவிழந்தவர் இன்னும் முப்பது வருடம் சாப்பிடவேண்டும். எந்த மஹல்லாவின் ஸகாத் பட்டியலும் ஒரே பெயரை முப்பது வருடம் தாங்காது. தாங்கவும் கூடாது, புதிதாக விழுந்தவருக்கும் இடம் வேண்டும்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. ஆலை முதலாளி ஒருவர் பத்து வருடமாகத் தன் தொழிலாளிக்கு ஈபிஎஃப்பும் ஈடிஎஃப்பும் கட்டவில்லை என்று கொள்வோம். சராசரிச் சம்பளம் 40,000. முதலாளியின் பங்கு மட்டும் 12 வீதமும் 3 வீதமுமாக மாதம் 6,000 ரூபா. பத்து வருடத்துக்கு 720,000 ரூபா, வட்டி சேர்க்காமல். அந்தத் தொழிலாளி விழுந்தபிறகு, றமழானில் முதலாளி 20,000 ரூபாவை உறையில் போட்டுக் கையில் வைக்கிறார். ஊர் அவரை வாழ்த்துகிறது. "நல்ல மனுசன், மறக்காமக் குடுத்தாரு." ஸகாத் கணக்கில் அந்த 20,000 எழுதப்படுகிறது.

அவர் கொடுத்தது ஸகாத்தா? வேலைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கூலியையோ, தன்மேல் கடமையாகிவிட்ட கடனையோ ஸகாத்தாகக் கணக்கெழுத முடியாது என்பது கிதாபு ஓதிய எவருக்கும் தெரிந்த சங்கதி. முதலாளியின் பங்களிப்பு கூலியின் ஒரு பகுதி. நாட்டின் சட்டம் அதைக் கூலியோடு சேர்த்தே கட்டாயமாக்கியிருக்கிறது. அது கொடுபடாமல் கிடக்கும்வரை அவர் கொடையாளி இல்லை, கடன்காரர். கடன்காரர் கடன் கொடுத்தவருக்குத் தர்மம் செய்ய, ஊர் கூடி நின்று மாஷா அல்லாஹ் சொல்கிறது. கூலி விடயத்தில் மார்க்கம் எவ்வளவு கறார் என்று ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்காத ஊர் இக்கரையில் இல்லை. பிரசங்கம் முடிந்து கடைக்குத் திரும்பும்போது அந்தக் கறார் எந்தச் சந்தியில் இறங்கிவிடுகிறதோ!

முதலாளிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. 2022க்குப் பிறகு மின்சாரக் கட்டணமும் வாடகையும் ஏறிய வேகத்தில் சின்னக் கடைக்காரருக்கு ஒரு ஊழியருக்கு மாதம் 6,000 என்பது பாரம்தான். ஆனால் கட்டாமல் விட்டால் அந்தச் செலவு காற்றில் கரைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது: தொழிலாளியின் மனைவிக்கு, படிப்பை விட்டு வேலைக்குப் போகும் மூத்த மகனுக்கு, மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் மகளுக்கு, கடைசியில் மஹல்லாவின் ஸகாத் பெட்டிக்கு. மேலும், பிந்திக் கட்டினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் நிலுவையைத் தண்டப்பணம்போல அறவிடலாம். கட்டாமல் விடுவது மலிவு என்ற கணக்கு, தொழிலாளி முறைப்பாடு செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில் மட்டுமே நிற்கிறது. ஊருக்குள் சொந்தமும் சம்பந்தமும் பின்னிக்கிடக்கும் இடத்தில் அவன் பெரும்பாலும் செய்வதுமில்லை.

"இன்சூரன்ஸ் காசு ஹராம், அத ஏன் கேக்கணும்" என்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். இது கேலிக்குரிய தயக்கமன்று. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடி வர்த்தகக் காப்புறுதி ஒப்பந்தத்தை ஆகாது என்றே தீர்மானித்தது. ஆனால் அதே தீர்மானம் ஒருவருக்கொருவர் பங்கிட்டுத் தாங்கும் கூட்டுறவுக் காப்புறுதியை ஆகும் என்றது. தகாஃபுல் கம்பனிகள் அந்தக் கூட்டுறவு முறையைத்தான் அடிப்படையாகக் கொண்டவை. நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் இயலாமைக் கொடுப்பனவில் தொழிலாளி யாருடனும் ஒப்பந்தம் செய்யவில்லை, தவணை கட்டவில்லை, இலாபம் தேடும் கம்பனியும் இடையில் இல்லை. சட்டம் முதலாளிமேல் விதித்த கடமையின் பேரில் ஒரு பொது நிதி அதைக் கொடுக்கிறது. நிதிகளின் முதலீட்டில் பெரும்பகுதி திறைசேரிப் பிணைமுறிகளில் இருப்பதால் வட்டி பற்றிய கேள்வி நியாயமானதே. மனம் ஒப்பாதவர் வட்டிப் பங்கை என்ன செய்வது என்று தன் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். அசல் பங்களிப்பு அவருடைய கூலி. மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுக்காமல் மோட்டார் சைக்கிளைத் தெருவில் இறக்க முடியாத நாட்டில், பேணுதல் முழுவதையும் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் விண்ணப்பப் படிவத்தில் மட்டும் காட்டுவது விசித்திரமான பேணுதல்.

சம்பளக்காரரை விட்டு வட்டைக்கும் கடலுக்கும் போனால் எதிர்த்தரப்பின் வாதம் வலுக்கிறது. போடியாரின் காணியில் வேலைசெய்யும் முல்லைக்காரருக்கும், கரைவலை இழுப்பவருக்கும், ஆழ்கடல் படகில் போகிறவருக்கும் மாதச் சம்பளமே இல்லை. நிதி எங்கிருந்து வரும்? வழி இருந்தது. கமக்காரர் ஓய்வூதியத்துக்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், கடற்றொழிலாளர் ஓய்வூதியத்துக்கு 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம். சுயதொழில் செய்வோருக்காக 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை. மூன்றிலும் முதுமைக்கு மட்டும் என்று எழுதவில்லை. நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு உண்டு, பகுதி இயலாமைக்குக்கூட உண்டு. பிறகு நடந்ததுதான் ஊர் மறக்காமல் வைத்திருப்பது. கட்டிய தவணைக்கும் கொடுக்கவேண்டிய தொகைக்கும் இடையே விழுந்த பள்ளத்தை அரசு காலாகாலத்தில் நிரப்பவில்லை. 2012 அளவில் கமக்காரர் ஓய்வூதியம் நின்றுபோனது. 2014இல் மீண்டும் தொடங்கியபோது வயதெல்லை 63ஆக உயர்ந்திருந்தது. இருபது வருடம் தவணை கட்டிய கமக்காரர் "இனி ஒரு சதமும் கட்டமாட்டேன்" என்றால் அவரைக் குறைசொல்வது எப்படி?

ஆனால் அந்தக் கோபத்திலிருந்து "நிதியே வேண்டாம்" என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. ஒரு நிதி சரிந்தது, அதன் கணக்கைச் சரியாகப் போடாததால். கரையோரத்து அரசியல்வாதிகள் வீதிக்கும் துறைமுகத்துக்கும் கட்டடத்துக்கும் போராடிய அளவில் பத்தில் ஒரு பங்கை இந்த நிதிகளுக்காகப் போராடியிருந்தால் கதை வேறாகியிருக்கும். கல்முனையில் தனிப் பிரதேச செயலகம் யாருக்கு என்ற தகராறில் கொட்டிய மையில் எவ்வளவோ எழுதியிருக்கலாம். சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டம் இன்றும் பிரதேச செயலகங்கள் வழியாக நடக்கிறது. சுயதொழில் செய்பவரும் வெளிநாடு போனவரும் விரும்பினால் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் உறுப்பினராகலாம்.

வெளிநாடு என்றதும் இன்னொரு பெரிய மறதி நினைவுக்கு வருகிறது. இக்கரையின் வீடுகளில் பாதி சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த காசில் எழும்பியவை. சவூதியில் தனியார் துறை வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்காகவும் முதலாளி சம்பளத்தின் 2 வீதத்தை அந்நாட்டுச் சமூகக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். தொழில் விபத்துக்கும் அதனால் வரும் நிரந்தர இயலாமைக்குமான பங்கு அது. வீட்டுப் பணிப்பெண்கள் அதற்குள் வரமாட்டார்கள், அதுவே ஒரு அநியாயம். இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவருக்கு அதன் காப்புறுதியும் உண்டு. ஆனாலும் றியாத்தில் சாரத்திலிருந்து விழுந்து காலொடிந்தவர் ஊர் வந்து சேரும்போது கையில் இருப்பது விமானச் சீட்டும் வைத்தியசாலைத் துண்டும்தான். அங்கேயே கேட்டிருக்கவேண்டிய பணத்தை இங்கிருந்து கேட்பது மலையேறுவதுபோல. "உசிரோட வந்தானே, அல்ஹம்துலில்லாஹ்" என்பதோடு கோப்பு மூடப்படுகிறது.

இனி மறுபக்கத்துக்குத் திரும்பவேண்டும். உரிமை இருக்கிறது, ஆனால் மக்கள் சோம்பேறிகள், கேட்டுப் பெறத் தெரியாதவர்கள் என்று அலுவலக மேசைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அதுவும் மறுக்கப்படவேண்டியதே. படுக்கையில் கிடப்பவர் முதலாளியிடம் கடிதம், கிராம உத்தியோகத்தரிடம் அத்தாட்சி, வைத்தியரிடம் அறிக்கை, தொழில் அலுவலகத்தில் கைரேகை என்று அலையவேண்டும். நடக்க முடியாது என்று நிரூபிக்க எத்தனை படி ஏறவேண்டியிருக்கிறது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. அதற்குமேல் "முழுமையான" இயலாமை என்ற நிபந்தனை. "இருந்த இடத்தில் ஏதாவது லேசான வேலை செய்யலாமே" என்று ஒரு வரி அறிக்கையில் ஏறிவிட்டால் போதும். முப்பது வருடம் மூட்டை தூக்கியவர், எட்டாம் வகுப்புப் படித்தவர், முதுகெலும்பு போனபின் கல்முனையில் என்ன லேசான வேலை செய்வார்? வங்கியில் காசாளராகவா?

இந்தச் சிக்கல் ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அவுஸ்திரேலியாவில் ஓய்வுகால நிதிக்குள்ளேயே முழு இயலாமைக் காப்புறுதி இருக்கிறது. அங்கு குடியேறிய நம்மவர் பலரும் அது இருப்பதை அறியாமலேயே அதற்குத் தவணை கட்டிவருகிறார்கள். அந்நாட்டு நிதிச்சேவை ஒழுங்குபடுத்தும் ஆணையம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் முடிகிறதா என்ற கடும் அளவுகோலால் மதிக்கப்பட்ட கோரிக்கைகளில் 60 வீதம் நிராகரிக்கப்பட்டதைக் காட்டியது. பொதுவான நிராகரிப்பு 12 வீதத்தளவில்தான் இருந்தது. அளவுகோலை மாற்றினால் போதும், அதே உடம்பு இயலாததாகவும் இயன்றதாகவும் ஆகிவிடும். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோ ஒருவகை இயலாமை இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் "முழுமை" என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள். அவர்களுக்குச் சேமலாப நிதியின் கதவு திறக்காது. வேலைத்தல விபத்தாக இருந்தால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விரல் போனாலும் அதில் கணக்குண்டு, 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்த விபத்தும் அதற்குள் வருகிறது. சேமலாப நிதியை எடுத்தது இந்த நட்டஈட்டைக் கேட்பதற்குத் தடையுமில்லை. ஆலை இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்பதை ஆலைக்காரர்களே சொல்லட்டும்.

கிடைப்பது மொத்தத் தொகையாகக் கிடைப்பதிலும் ஒரு கேடு உண்டு. இந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றோர் தலையில் விழுந்த கடமை. இயலாமற்போன வாப்பாவின் கைக்கு ஐந்து இலட்சம் வந்தால் அது அவருடைய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நிற்காது. மகளின் சீதன வீட்டுச் சுவராக எழும்பிவிடும். அடுத்த வருடம் அவர் மீண்டும் ஸகாத் பட்டியலில். இந்தியாவில் 1995 நவம்பரில் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம் இதற்கு வேறு வழி காட்டுகிறது. வேலையிலிருக்கும்போது நிரந்தரமாக முற்றிலும் இயலாமற்போனவர் ஒரு மாதப் பங்களிப்பு மட்டும் கட்டியிருந்தாலும் மாதாந்த ஓய்வூதியத்துக்கு உரியவர். தொகை சொற்பம்தான், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபா என்று 2014இல் நிர்ணயித்தார்கள், அது போதாதென்று அங்கே போராட்டமும் நடக்கிறது. ஆனாலும் அது மாதாமாதம் வருகிறது, சீமெந்தாக மாறுவதில்லை. இலங்கையில் ஈபிஎஃப் பணத்தை மாதாந்தக் கொடுப்பனவாகப் பெற விரும்பும் இயலாதவருக்கு அந்தத் தெரிவையேனும் கொடுக்கவேண்டும். அரச ஆசிரியர் நோயால் ஓய்வுபெற்றால் பென்சன் என்பதை இயல்பாக ஏற்கும் ஊர், மூட்டை தூக்கியவருக்கும் அது உரியது என்று கேட்கத் தயங்குவது ஏன்?

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். கலியாணத்தின் பேரில் ஈபிஎஃப்பை எடுத்துக்கொண்டு வேலையை விட்ட பெண், பத்து வருடம் கழித்து மார்புப் புற்றுநோயோடு நிற்கும்போது அவள் பெயரில் எந்த நிதியிலும் எதுவும் இருப்பதில்லை. மருதமுனையில் வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்குத் தறி மிதித்தவளின் பெயர் ஆரம்பத்திலிருந்தே எங்கும் ஏறியிருக்காது. ஊரின் தர்மமும் பெரும்பாலும் ஆண்களின் பெயரில்தான் பட்டியலிடப்படுகிறது.

ஆகவே அடுத்த றமழானுக்கு முன் பள்ளி நிர்வாக சபைகள் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஸகாத் விண்ணப்பப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், கடன் எவ்வளவு, கூரை ஓடா தகரமா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. அதில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கட்டும்: கடைசியாக யாரிடம் வேலைசெய்தீர்? ஈபிஎஃப், ஈடிஎஃப் இலக்கம் என்ன? இயலாமைக்காக விண்ணப்பித்தீரா? இலக்கம் இருந்தால் கே படிவத்தை நிரப்பிக்கொடுக்க ஊரில் படித்த பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. இலக்கம் இல்லையென்றால், அந்த முதலாளி ஸகாத் கொடுப்போர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு முதலில் நிலுவையைக் கட்டச் சொல்லட்டும்.